வழிமொழிய ஓர் ஆள்

லெட்சுமணன் எம்.பி.க்கு அன்று காலை இடியப்பம் தொண்டையில் இறங்கவில்லை. இடியப்பத்தில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் சொதிச் சட்டியில் சாய்த்து வைத்திருந்த மனைவியின் போனில் இருந்தது. அதற்குள் பாலம்மா எம்.பி. பாராளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாருங்கோவன், இந்தப் பிள்ளை என்ன வடிவாக் கதைக்குது” என்றார் சரோஜினிதேவி.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். யாரையும் லேசில் மெச்சமாட்டார். கணவரின் கன்னிப் பேச்சைக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருந்தது, கொஞ்சம் நீண்டுபோச்சு என்று பரீட்சைத் தாளில் எழுதுகிற மாதிரிச் சொன்னவர். அப்பேர்ப்பட்டவர் இப்போது பேச்சு முடிந்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து போட்டார். லெட்சுமணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பொறாமை என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். கட்சியின் எதிர்காலம் பற்றிய கவலை என்பார். இளையவர்கள் இன்னும் பக்குவப்பட வேண்டும் என்ற அக்கறை என்பார். வயிறு எரிகிறவர் அதற்கு எந்தப் பெயரை வைத்தால் நமக்கென்ன, அவர் காலைச் சாப்பாட்டை விட்டு எழுந்துபோனது உண்மை.

கண்டி மாவட்டத்தில் எதிர்க்கட்சியின் பழைய குரல் லெட்சுமணனுடையது. அரசாங்கங்கள் எத்தனையோ மாறின. அவர் மட்டும் என்ன ராசியோ, எப்போதும் எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். விலைவாசி, தோட்டச் சம்பளம், காணி, மருந்தில்லாத ஆஸ்பத்திரி என்று அவர் பேசாத பிரச்சினை இல்லை. எழுந்தாரென்றால் அடுக்குமொழி கொட்டும். பசியின் பள்ளத்தில் பரிதவிக்கும் பாட்டாளி என்று ஆரம்பித்தால் பானா முடிவதற்குள் மணி அடித்துவிடும். அந்த நேரத்தில் மந்திரிமார் பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவார்கள்.

பாலம்மா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பிறகு தொழிற்சங்கத்தின் மாதர் பிரிவுக்கு வந்தாள். போன தேர்தலில் கட்சிக்குத் தேசியப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தபோது, பெண்ணாகவும் இருக்க வேண்டும், தோட்டத்து ஆளாகவும் இருக்க வேண்டும் என்று தலைவர் தேடினார். பாலம்மாவின் பெயரைச் சொன்னது வேறு யாரும் இல்லை, லெட்சுமணன்தான். வாயில்லாப் பூச்சி, ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்.

அந்தப் பூச்சி வரவு செலவுத் திட்ட விவாதத்தில் வாயைத் திறந்தது. கோதுமை மாவு விலை ஏறிய நாளில் ரொட்டி எவ்வளவு சிறுத்தது, சிறுத்த ரொட்டியை ஒரு தாய் எப்படிப் பிய்த்துப் பங்கு வைத்தாள், பங்கு வைத்த பிறகு அவள் கையில் என்ன மிஞ்சியது. அவ்வளவுதான், இப்போது போனில் ஓடிய அந்தப் பேச்சு. எதிரே இருந்த மந்திரி பேனாவை எடுத்துக் குனிந்து எதையோ எழுதினார். லெட்சுமணன் அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். தான் பேசிய இத்தனை வருஷத்தில் ஒரு மந்திரிகூடப் பேனாவைத் தொட்டதில்லையே என்பது அன்றைக்கு நெஞ்சில் ஏறிய முள். இறங்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மயில்மலைத் தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. தெல்தெனியாவுக்கு மேலே இருக்கிறது மயில்மலை. அவர் பிறந்து வளர்ந்த லயம், தோட்டத்து வரிசைக் குடியிருப்பு, அங்கேதான் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். போன ஐப்பசி மழையில் மண் சரிந்து அந்த லயம் முழுவதும் போய்விட்டது. ஆட்கள் தப்பியது ஆத்தா புண்ணியம். தப்பியவர்கள் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், முன்பு கொழுந்து பரப்பி வாட்டிய பலகைத் தளத்தில், சேலைகளைத் திரையாகக் கட்டிக் குடியிருந்தார்கள். வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டித் தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. ஆனால் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், வைத்திருப்பவர்களுக்கு மட்டும். தோட்டத்து லயத்தில் பரம்பரையாகக் குடியிருந்தவர்கள் உறுதிக்கு எங்கே போவார்கள்?

அந்த மாடியில் இருந்தவர்களில் ஒருத்தி ராக்கம்மா. லெட்சுமணனின் கூடப்பிறந்த தங்கை. குண்டசாலை வீட்டுக்கு வந்துவிடு என்று அவர் கூப்பிட்டுப் பார்த்தார். மகனையும் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் சேலை மறைப்பில் விட்டுவிட்டு, உன் வீட்டுக் கதிரையில் வந்து குந்தவா என்று கேட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம், பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற மாதிரி சொந்தமாக ஒரு கதவு. அதற்காக அவர் சபையில் பேசியும் பார்த்தார். மண்ணில் மறைந்த மனைகள் என்று அருமையாகத்தான் ஆரம்பித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

திகனயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அஸீம் தன் லொறியில் தறப்பாளும் பாயும் ஏற்றிக்கொண்டு கூட வந்தார். தேர்தல் காலத்தில் லெட்சுமணனுக்காக ஊரூராக அலைந்தவர். அந்த விசுவாசத்துக்காகவாவது வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

“மாஷா அல்லாஹ், என்னா பேச்சு சேர் அது. எங்கட ஊட்டுல பாயிஸா கேட்டுட்டு அழுதே அழுதிட்டா” என்றார்.

யாருடைய பேச்சு என்று லெட்சுமணன் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாடிப்படி ஏறினால் பழைய தேயிலைத் தூள் வாசம் இன்னும் பலகையில் இருந்தது. ராக்கம்மா சேலைத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் படியைப் பார்த்தாள்.

“பாலம்மா புள்ள வரலியாண்ணே?” என்றாள்.

பாலம்மா போன வாரம் வந்திருந்தாளாம். பாயில் உட்கார்ந்து ராக்கம்மா கையால் ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றாளாம். எனக்கு ஒரு நாளும் ரொட்டி தந்ததில்லையே என்று லெட்சுமணன் சிரித்துக்கொண்டே கேட்டார். நீ எப்போ உட்கார்ந்தாய், வந்தால் நின்றபடியே வாட்சைப் பார்ப்பாய் என்றாள் தங்கை. அதோடு நிறுத்தவில்லை. சாவிக் கதையையும் சொன்னாள். மண் வருகிறது என்று எல்லாரும் கத்தியபோது இவளும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் பழக்கதோஷத்தில் திரும்பி நின்று கதவைப் பூட்டிவிட்டு ஓடினாள். கதவும் போச்சு, வீடும் போச்சு. சாவி மட்டும் இன்னும் இடுப்பில் இருக்கிறது. பாலம்மா அந்தச் சாவியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதை நான் சபையில் சொல்லலாமா அக்கா என்று கேட்டாளாம்.

“என்கிட்ட நீ இதச் சொன்னதே இல்லியே” என்றார் லெட்சுமணன்.

“நீ கேக்கலியேண்ணே.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. கூடப்பிறந்தவளின் இடுப்பில் இருந்த சாவி, எங்கிருந்தோ வந்தவள் கைக்குப் போயிருக்கிறது. தேர்தலில் தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நெஞ்சைத் தடவிக்கொண்டு படியிறங்கினார்.

கீழே இறங்கும்போதே போன் அடித்தது. பாலம்மாதான். வருகிற வெள்ளிக்கிழமை தனி உறுப்பினர் பிரேரணைகள் வருகின்றன, அதில் மயில்மலைப் பிரேரணைக்கு இடம் கிடைத்திருக்கிறது, மண்சரிவில் வீடிழந்த தோட்டத்து ஆட்களுக்கு உறுதி கேட்காமல் வீடு கொடுக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன், போன தடவை பேனா எடுத்த மந்திரியும் கேட்டுப் பதில் சொல்லச் சம்மதித்திருக்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

“நீங்கதாண்ணே வழிமொழியணும். இது ஒங்க மண்ணு” என்றாள்.

ஒருவர் பிரேரணை கொண்டுவந்தால் இன்னொருவர் எழுந்து வழிமொழிகிறேன் என்று சொல்ல வேண்டும் என்பது சபையின் வழக்கம். சொல்ல ஆள் இல்லையென்றால் பிரேரணை அங்கேயே விழுந்துவிடும். லெட்சுமணனுக்கு ஒரு கணம் குளிர்ந்தது. மறுகணம் கொதித்தது. இத்தனை வருஷம் முதலில் நின்ற ஆள் இனி அவளுக்குப் பின்னால் எழுந்து நிற்க வேண்டுமா? அவள் சோறாம், நான் தொட்டுக்கொள்ள ஊறுகாயாம். இப்படியெல்லாம் மனதுக்குள் பொரிந்துகொண்டே, வாயால் மட்டும் தேனாகப் பேசினார்.

“நான் இருக்கேம்மா. வேற யாரையும் தொந்தரவு பண்ணாத” என்றார்.

வேறு யாரையும் கேட்காதே என்றதற்குக் காரணம் இருந்தது. குண்டசாலைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு திட்டம் முளைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் சபையில் ஆள் இருக்காது. தூரத்து எம்.பி.மார் பகல் சாப்பாட்டோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பாலம்மா பேசி முடிப்பாள். வழிமொழிவது யார் என்று தலைமை ஆசனத்திலிருந்து கேட்பார்கள். அவள் வெறும் ஆசனங்களைப் பார்த்துத் திருதிருவென்று முழிப்பாள். அந்த நேரம் கதவு திறக்கும். லெட்சுமணன் வருவார். வழிமொழிகிறேன் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, அடுத்து ஒரு பேச்சுப் பேசுவார். எல்லாவற்றையும் கமரா பிடிக்கும். மயில்மலை மாடியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ராக்கம்மா யாருக்கு ரொட்டி சுடுகிறாள் என்று பார்ப்போம்.

பிரேரணை விழ வேண்டும் என்று அவர் நினைக்கவேயில்லை. அந்த அளவுக்குக் கெட்டவர் இல்லை. அவள் கொஞ்சம் தவிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

வெள்ளிக்கிழமை எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது. எதிர்க்கட்சி வரிசைகள் காலியாகிக்கொண்டே வந்தன. பாலம்மாவின் பெயரைக் கூப்பிடுகிற நேரம் நெருங்கியபோது அவர் மெதுவாக எழுந்தார். ஒரு டெலிபோன் கோல், இப்போ வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சைகை காட்டினார். அவள் தலையாட்டினாள். அப்படி ஒரு நம்பிக்கையோடு தலையாட்டினாள்.

உறுப்பினர்களின் உணவறைக்குப் போய், சபை நடப்பது தெரிகிற டீவிக்கு எதிரே உட்கார்ந்து இனிப்புக்கு ஒரு கிண்ணம் வட்டிலப்பம் கொண்டுவரச் சொன்னார். பாலம்மாவுக்குக் கொடுத்த நேரம் தாராளம். கொடுத்த நேரம் போதாமல் இன்னும் கொஞ்சம் கேட்டு மன்றாடுகிறவள் அவள். அதனால் அவசரமே இல்லை. அவள் சாவிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். தலைமை ஆசனத்தில் இருந்தவர் மொழிபெயர்ப்புக் கேட்கும் கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டதை லெட்சுமணன் பார்த்தார். மந்திரியின் கை பேனாவைத் தேடியதையும் பார்த்தார். வட்டிலப்பம் கசந்தது. ஆனாலும் விடாமல் சாப்பிட்டார்.

கிண்ணம் பாதியாகும் முன் டீவியில் தன் பெயர் கேட்டது.

“எனக்கு இன்னும் நேரம் இருக்கு. ஆனா நான் இத்தோட நிப்பாட்டிக்கிறேன்” என்றாள் பாலம்மா. “அந்த லயத்துல பொறந்து வளந்தவர் எங்க அண்ணன் லெட்சுமணன் எம்.பி. இதப் பேச என்னைய விட அவருக்குத்தான் உரிமை. என்னோட மிச்ச நேரத்தையும் அவருக்கே குடுக்குறேன். அவர் இப்ப வழிமொழிஞ்சு பேசுவார்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கமரா திரும்பி, அவள் கை காட்டிய ஆசனத்தைக் காட்டியது. காலி ஆசனம். அதன்மேல் லெட்சுமணன் அடையாளத்துக்கு விட்டுவந்த மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் கிடந்தது.

பாராளுமன்றத்தில் எம்.பி.மார் ஓடுவது வழக்கமில்லை. லெட்சுமணன் ஓடினார். வேட்டி தடுக்கியது. கம்பளத்தில் செருப்பு வழுக்கியது. வாசல் சேவகர் பதறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நுழையும் உறுப்பினர் முதலில் தலைமை ஆசனத்துக்குக் குனிந்து வணங்க வேண்டும். எத்தனை வருஷப் பழக்கம். அந்த அவசரத்திலும் இடுப்பு தானாக வளைந்தது. அவர் குனிந்து நிமிர்வதற்குள், வழிமொழிய ஆள் இல்லாதபடியால் பிரேரணை கைவிடப்படுகிறது என்று சிங்களத்தில் சொல்லி முடித்து, அடுத்த பிரேரணையின் இலக்கத்தைப் படித்துவிட்டார்கள். லெட்சுமணன் கையைத் தூக்கினார். அடுத்த உறுப்பினர் பேச ஆரம்பித்திருந்தார். பேனா எடுத்த மந்திரி அதைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு எழுந்து போனார்.

இனி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். முறை எப்போது வருமோ, அப்போது அந்த மந்திரி இருப்பாரோ, அடுத்த ஐப்பசி அதற்குள் வந்துவிடுமோ, யாருக்குத் தெரியும்.

பாலம்மா வெளியே வரும்போது அவர் நடையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு சண்டைக்குத் தயாராக இருந்தார். டெலிபோன் கோல் என்று சொல்லலாம், சேவகர் கதவைத் தாமதமாகத் திறந்தார் என்று சொல்லலாம், இவ்வளவு சீக்கிரம் முடிப்பதாக முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று அவள்மீதே பாயலாம். அவள் கிட்ட வந்து, அவருடைய மீசையில் ஒட்டியிருந்த வட்டிலப்பத்தைப் பார்த்தாள்.

“சாப்ட்டீங்களாண்ணே?” என்றாள்.

பிறகு போய்விட்டாள். லெட்சுமணன் மீசையைத் துடைத்தார்.

அன்று கண்டிக்குத் திரும்பும் கார் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறும்போது சரோஜினிதேவி கூப்பிட்டார்.

“தலை சுத்தி விழுந்தனீங்களாமே. இப்ப எப்பிடி இருக்கு? பாலம்மா ரீவிக்காரருக்குச் சொன்னவ, எழும்பி வரேக்க உங்களுக்கு ஏலாமப் போட்டுதாம் எண்டு.”

வந்து சொல்கிறேன் என்று லெட்சுமணன் போனை வைத்தார். சாரதி பெரியதம்பி கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மயில்மலைக்குப் போகாமல் இருக்கத்தான் பார்த்தார். மனைவி விடவில்லை. பாவங்கள், காத்துக்கொண்டிருக்கும் என்றார். வழியெல்லாம் லெட்சுமணன் ஒரு பேச்சுத் தயாரித்தார். சபை விதிகளான நிலையியற் கட்டளைகள் எவ்வளவு கொடியவை, ஆளுங்கட்சி எப்படிச் சதி செய்தது என்று அடுக்கிக்கொண்டே வந்தார். மாடிப்படி ஏறினார். திட்டுவார்கள், திட்டட்டும், திட்டினால் பதில் பேசலாம் என்று நினைத்தார்.

யாரும் திட்டவில்லை. அவரைக் கண்டதும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க வந்தார்கள். பாயை உதறி விரித்தார்கள். முதல் தடவையாக அவர் அந்தப் பலகைத் தளத்தில் உட்கார்ந்தார். ராக்கம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்து, அந்தச் சாவியோடு மடித்து வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். அண்ணன் நெற்றியில் நிறையப் பூசிவிட்டாள்.

“வெள்ளிக்கெழமயே மாரியம்மன் கோயில்ல ஒன் பேருக்கு அர்ச்சன வச்சோம். மாடியில இருக்கிற எல்லாரும் வந்தாங்கண்ணே” என்றாள்.

பிரேரணை விழுந்துவிட்டதே, கோபம் இல்லையா என்று அவர் கேட்டார்.

“வீடு கெடக்குது. எத்தன மழையப் பாத்தாச்சு. நீ நல்லா இருந்தாத்தானே அடுத்த வாட்டி எந்திரிச்சு நின்னு சொல்லுவ” என்றாள் ராக்கம்மா. “நீ ஓடி வந்தியாம், வர்ற வழியில முடியாமப் போச்சாம். பாலம்மா புள்ள போன்ல அழுதுகிட்டே சொல்லுச்சு.”

உண்மை அவர் வாய்வரைக்கும் வந்தது. வட்டிலப்பம் என்ற சொல் நாக்கின் நுனியில் நின்றது. சுற்றிலும் பார்த்தார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனையோ மேடைகளில் அவர் ஏங்கிய பார்வை அது. பிரச்சினைகளை வாய் கிழியப் பேசினாரே, அதில் ஒரு பொய் இல்லை, அத்தனையும் உண்மை. ஆனால் அந்த உண்மைகளில் ஒன்றைக்கூட இந்த ஜனங்கள் இப்படி முழுசாக நம்பியதில்லை. பாலம்மா அவருக்காகச் சொன்ன ஒரே ஒரு பொய்யை நம்பி, கோயில்வரை போய்வந்திருக்கிறார்கள். வெட்கத்தில் செத்துப்போக வேண்டிய அந்த இடத்தில், பாழாய்ப்போன வயிறு அதற்கும் எரிந்தது.

ராக்கம்மா சூடான ரொட்டியைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். பக்கத்தில் கட்டச் சம்பல்.

“இப்ப தேவலயாண்ணே?” என்றாள்.

“தேவல” என்றார் லெட்சுமணன். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை மென்று விழுங்க வேண்டியிருந்தது.